கீபோர்டில் ஒட்டியிருந்த பதினொரு பொட்டு

2006-ஆம் வருடம், வைகாசி மாதம். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை ஒன்றில் நான் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக, அதாவது அழுத்தம், சூடு காட்டும் மீட்டர்களைப் பழுது பார்ப்பவனாக, இருந்தேன். அந்த வருடம் கரும்பு அரவை சீக்கிரமே முடிந்துவிட்டது. அரவைக் காலத்தில் எங்களுக்குச் சாப்பாடு, தூக்கம் எதற்கும் நேரம் காலம் கிடையாது. அரவை ஓய்ந்தால் மட்டும் அரசாங்க உத்தியோகஸ்தர் மாதிரி ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் என் பிரச்சினை. எனக்குக் கை சும்மா இருக்காது. மிக்சி, டேப் ரெக்கார்டர், பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆலையில் எனக்கு ‘நோண்டி’ என்றே பெயர். "ஒங்க கைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்பாள் என் மனைவி.

இவ்வளவு நோண்டுகிறவனுக்கும் ஆலைக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ரிப்பேருக்காக ஒருவர் ஒரு ஸ்விட்சை அணைத்தால் அதில் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுப் போவார். அந்த அட்டையை அவரைத் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது. மேனேஜரே வந்து நின்றாலும் சரி, மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். உள்ளே கை விட்டுக்கொண்டிருப்பது யார் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது இல்லையா? பதினாறு வருடத்தில் அடுத்தவர் அட்டையை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், கடலூர் முதுநகரில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்தார். கூடவே ஒரு இன்னிசைக் குழுவும் நடத்தினார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று வருடம் முழுக்க ஏதாவது இருக்கும். குழுவில் கீபோர்டு வாசித்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக ஒருவரைப் பார்த்திருப்பதாக மச்சான் சொன்னார். அவர் யார், எப்படிப்பட்டவர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் கண்ணெல்லாம் கடை மூலையில் உறை போட்டு நின்ற அந்தக் கீபோர்டு மேல்தான் இருந்தது.

"அடுத்த புரோகிராம் வரைக்கும் சும்மாதான மச்சான் கெடக்குது? ஒரு பத்து நாள் எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"மாமா, அது ரேடியோ பெட்டி இல்ல. பிரிச்சு கிரிச்சு வச்சுடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

எனக்கு வாசிக்கவெல்லாம் தெரியாது. ச, க, ப என்று மூன்று கட்டையைச் சேர்த்துப் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கீபோர்டில் ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கிவிட்டு மூன்று கட்டையை அழுத்திப் பிடித்தால் போதும், அந்த மூன்று சுரத்தையும் அதுவே ஒவ்வொன்றாகப் பிரித்து, மேலே ஏற்றி, கீழே இறக்கி, நிற்காமல் வாசித்துக்கொண்டே இருக்கும். ஆர்பெஜியோ என்று அதற்குப் பெயர். மச்சான் குழுவின் ஆரம்ப இசையே அதுதான். முதலில் கீபோர்டு தனியாக எட்டுச் சுற்று ஓடும், அப்புறம்தான் டிரம்ஸ் உள்ளே வரும். முன்வரிசையில் உட்கார்ந்து பல தடவை கேட்டிருக்கிறேன். சிங்கப்பூர் போன அந்த ஆள் எவ்வளவு வேகமாக வாசிக்கிறார் என்று வாயைப் பிளந்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் மூன்று விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறார்! ஏமாந்துபோன மாதிரியும் இருந்தது, இன்னொரு பக்கம் ஆசையாகவும் இருந்தது. உள்ளே அது என்ன கணக்கில் வாசிக்கிறது? எந்தச் சுரத்துக்குப் பிறகு எந்தச் சுரம்? காதால் பிடிக்கப் பார்த்தேன். ஓடுகிற பஸ்சில் போர்டு படிக்கிற கதையாகப் போயிற்று.

சரி, கம்ப்யூட்டருக்குள் பதிவு செய்து கண்ணால் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் கீபோர்டைத் துடைத்தேன். அழுக்காக ஒரு கருவி என் மேஜை மேல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. மேடைத் தூசி, எவரோ சிந்திய காபி எல்லாம் இருந்தது. அதோடு பட்டன்கள் மேல் அங்கங்கே ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு, மெரூன், கறுப்பு, ஒன்று மட்டும் கொஞ்சம் பெரியது. மச்சானுக்கு ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை உண்டு. அதன் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்தேன். பசை ஒட்டாமல் இருக்க ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மொத்தம் பதினொன்று. எண்ணுவது எனக்குப் பழக்கம்.

காபி கொண்டுவந்த மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, கொழந்த ஒட்டுனா இவ்ளோ கரெக்டா பட்டனுக்கு நடுவுலயா ஒட்டும்? தம்பிய ஒரு வார்த்த கேட்டுட்டு எடுங்களேன்" என்றாள்.

நான் கேட்கவில்லை. தாளில் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மகளுக்காக வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. கடலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த நண்பர் ஒரு சீக்வென்சர் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தார். கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேபிளைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். சீக்வென்சர் என்பது சத்தத்தைப் பதிவு செய்கிற விஷயம் இல்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். இது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் பாய்லர் ஹவுசில் வட்டமான காகிதம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு பேனா அதில் நீராவி அழுத்தத்தைக் கோடாகப் போட்டுக்கொண்டே இருக்கும். நீராவி போய்விடும், கோடு நிற்கும். இதுவும் அப்படித்தான்.

முதல் நாள் மூன்று கட்டையைப் பிடித்தேன். கீபோர்டு ஜலஜலவென்று வாசித்தது. ஆசையோடு திரையைப் பார்த்தால் மூன்றே மூன்று நீளக் கோடு. வேறு ஒன்றுமே இல்லை. அத்தனை சுரமும் எங்கே போயிற்று? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. அது என் விரல் செய்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறது, கீபோர்டு செய்ததை எழுதவில்லை. கீபோர்டின் ஆங்கிலக் கையேட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஆர்பெஜியோவின் சுரங்களை வெளியே அனுப்பச் சொல்லும் இடம் ஒன்று மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருந்தது. அதைத் திருப்பினேன்.

அடுத்த பதிவில் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். ஆனால் ஒன்றுகூடத் தாளக் கட்டத்துக்குள் உட்காரவில்லை. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, போகப் போக மொத்தமாக விலகிவிட்டது. காரணம் இதுதான். கீபோர்டுக்குள் ஒரு கடிகாரம், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கடிகாரம். இரண்டும் தன் தன் பாட்டுக்கு ஓடுகின்றன. ஒரு வீட்டில் இரண்டு பேர் கணக்குச் சொன்னால் எப்படிச் சரியாக வரும்? மறுபடி கையேடு. கீபோர்டின் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் கொடுக்கிற எண்ணிக்கைக்குத்தான் நீ நடக்க வேண்டும் என்று மாற்றி வைக்கிற இடம் கிடைத்தது. மாற்றினேன். கரண்ட் போய்ப் போய் வந்ததில் அந்த மாற்றம் அழிந்துகொண்டே இருந்தது. எரிச்சலில் நிரந்தரமாகச் சேமித்துவிட்டேன்.

அப்புறம் பதிவு செய்தேன் பாருங்கள்! ஒரு சுற்றுக்குப் பதினாறு சுரம், பதினாறும் கட்டத்துக்குள் சொன்னபடி உட்கார்ந்திருந்தது. ஏறும்போது ச, க, ப, மேல் ச. இறங்கும்போது மட்டும் ப இரண்டு தடவை வந்தது. அந்த இரண்டாவது ‘ப’தான் காதுக்கு ஒரு சின்ன ஊஞ்சல் ஆட்டத்தைக் கொடுக்கிறது என்று கண்டுபிடித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாம்பார் பொங்குது" என்று போய்விட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எட்டுச் சுற்றையும் இந்தத் தடவை கோடாக இல்லாமல் சத்தமாகவே பதிவு செய்து ஒரு சி.டி.யில் போட்டேன், மேலே மார்க்கரால் தேதிகூட எழுதினேன். மச்சானிடம் காட்ட வேண்டும் என்று ஆசை.

புரோகிராம் நாள். சிதம்பரத்தில் மேல வீதிப் பக்கம் ஒரு மண்டபம், ஆறரை மணிக்குக் கல்யாண வரவேற்பு. காலையில் கீபோர்டைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, மத்தியானம் நானும் குழுவின் வேனிலேயே ஏறிக்கொண்டேன். வழியில் மச்சான் தன் கவலையைச் சொன்னார். புதுக் கீபோர்டுக்காரர் பரங்கிப்பேட்டையில் இருக்கிறாராம், சர்ச்சில் வாசிக்கிறாராம், நல்ல கையாம். ஆனால் பிறவியிலேயே பார்வை இல்லாதவராம்.

"ஆளு நல்லாத்தான் வாசிக்கிறாரு மாமா. நான் ஊர்ல இல்லாதப்ப மூணு நாள் கடைக்கு வந்து கீபோர்டப் பழகிட்டுப் போயிருக்காரு. ஆனாலும் மேடையில ஒரு பட்டன் மாறிப்போச்சுன்னா நம்ம மானம்ல போவும்? இந்த ஒரு புரோகிராம் பாக்கறேன். சரியா வந்தா இந்த சீசன் பூரா அவருதான். இல்லன்னா பாண்டியில ஒரு பையன் ரெடியா இருக்கான்."

நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தேன். பொட்டு அப்போதும் என் மண்டையில் உறைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், உறைக்கவில்லை.

மண்டபத்தில் எல்லாம் கட்டி முடித்தாயிற்று. ரயில்வே கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டதால் புதுக் கீபோர்டுக்காரர் வந்து சேர ஆறு மணி ஆகிவிட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, படிய வாரிய தலை. மனைவியின் தோளில் லேசாகக் கை வைத்துக்கொண்டு மேடை ஏறினார். "கேட்ட மூடிட்டு ட்ரெய்னே வரல சார். ட்ரெய்னுக்கும் கண்ணு தெரியாது போல" என்று அவரே ஜோக் அடித்தார். எல்லோரும் சிரித்தோம்.

"வாங்க சார். எங்க மாமா ஒங்களுக்காகக் கீபோர்டத் தொடச்சு புதுசாட்டம் வச்சிருக்காரு பாருங்க" என்றார் மச்சான். நான் பக்கத்திலேயே கேபிள் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டினேன்.

அவர் உட்கார்ந்தார். இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். இடது ஓரத்திலிருந்து பட்டன் வரிசை மேல் விரல்களை மெதுவாக ஓட்டினார். விரல் நின்றது. திரும்ப ஆரம்பத்துக்குப் போய் மறுபடி ஓட்டினார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மனைவி பக்கம் தலையைச் சாய்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பொட்டு ஒண்ணுகூட இல்லடி."

அந்தம்மா குனிந்து பார்த்து, "ஐயோ ஆண்டவரே" என்றார்.

பட்டனுக்கு நடுவில் சரியாக ஒட்டிய பதினொரு பொட்டு. மூன்று நாள் கடையில் உட்கார்ந்து, மனைவி ஒவ்வொரு பட்டனின் பெயரையும் படித்துச் சொல்லச் சொல்ல, அவர் விரலுக்கு வழி போட்டு வைத்த பொட்டு. நான் நகத்தால் கிள்ளிக் குப்பையில் போட்டிருக்கிறேன். அடுத்தவர் சிவப்பு அட்டையைப் பதினாறு வருடமாகத் தொடாதவன், இதைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஸ்பிரிட் வேறு தடவியிருக்கிறேன்.

உடனே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கையில் இருந்த கேபிளையே திருகிக்கொண்டு நின்றேன்.

அவர் ஞாபகத்தை வைத்தே பட்டன்களைத் தேட ஆரம்பித்தார். ஒரு தடவை புல்லாங்குழல் வந்தது, ஒரு தடவை ஏதோ மணிச் சத்தம். எண்ணி எண்ணிக் கடைசியில் ஆர்பெஜியோ பட்டனைக் கண்டுபிடித்தார். எனக்கு அந்த இடம் தெரியும், சரியான பட்டன்தான். அமுக்கிவிட்டு மூன்று கட்டையைப் பிடித்தார். சத்தமே இல்லை. கையை எடுத்துவிட்டுத் திரும்பப் பிடித்தார். அப்போதும் இல்லை. தான் தப்பான பட்டனை அமுக்கிவிட்டதாக நினைத்து மறுபடி முதலிலிருந்து தேடினார். நெற்றியில் வேர்வை வழிந்தது. டிரம்ஸ்காரர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி ஆறு இருபது. மச்சான் என்னைத் தூணோரம் இழுத்தார்.

"பாத்தீங்களா மாமா, நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சு. இதெல்லாம் சரிப்பட்டு வராது. வேன்ல வர்றப்ப ஆரம்ப மியூசிக்க சி.டி.யில போட்டிருக்கேன்னு சொன்னீங்கல்ல? அதக் குடுங்க. அத ஓட்டிவிடுவோம். அவரு பாட்டுக்குச் சும்மா கைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கட்டும். நாளைக்குப் பாண்டிப் பையனுக்கு ஃபோன் போட்டுடறேன்."

குரலைத் தாழ்த்திச் சொல்வதாக அவர் நினைப்பு. கீபோர்டு அங்கிருந்து நாலடி தூரம்தான். கட்டைகளின் மேல் இருந்த அந்த மனிதரின் கை அப்படியே நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

இப்போது நான் எழுதப்போவதை என் மனைவியிடம்கூட ரொம்ப நாள் சொல்லவில்லை. மச்சான் சி.டி.யைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஹாலில், இத்தனை ஸ்பீக்கரில், நான் பதிவு செய்த ஆர்பெஜியோ! கை தானாகப் பைக்குள் போயிற்று. சி.டி.யை வெளியே எடுத்தும்விட்டேன். அதைப் பார்த்தேன். நிமிர்ந்தால், அந்தம்மா புடவைத் தலைப்பால் கணவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு அவர் முதுகில் இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான். எனக்கு என் மேலேயே அருவருப்பாகிவிட்டது.

"மச்சான், தப்பு அவரு மேல இல்ல. நாந்தான்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. பொட்டு விஷயத்தை எல்லோர் முன்னாலும் சொன்னேன். மச்சான் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "ஏன் மாமா..." என்று ஆரம்பித்து, அக்கா புருஷனாயிற்றே என்று அப்படியே முழுங்கிக்கொண்டார்.

நான் கீபோர்டுக்குப் பக்கத்தில் போய், "சார், மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் மறுபடி பட்டன் வரிசை மேல் கையை வைத்தார். "எது எது மேல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டார்.

எனக்குப் பதினொன்று என்பதுதான் தெரியும். எங்கே என்று தெரியாது. எண்ணத் தெரிந்தவனுக்குக் குறித்து வைக்கத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு "இல்ல சார்" என்றேன்.

"சரி விடுங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. நான் சொல்றேன், நீங்க ஒட்டுங்க."

அந்தம்மா கைப்பையிலிருந்து ஒரு பொட்டு அட்டையை எடுத்து நீட்டினார். "மேல் வரிச, எடது பக்கத்துலேர்ந்து நாலாவது" என்பார் அவர், நான் ஒட்டுவேன். "கீழ் வரிச, கடைசிக்கு முன்னாடி" என்பார், ஒட்டுவேன். ஒட்டிய ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டுவார். ஒன்றுகூட அவருக்குத் தடுமாறவில்லை. ஆர்பெஜியோவுக்குப் பெரிய பொட்டு வேண்டும், அட்டையில் பெரியது இல்லை. "அப்ப பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஒட்டிடுங்க" என்றார். ஆக அன்றைக்குப் பன்னிரண்டு.

ஒட்டி முடித்ததும் அந்த இரட்டைப் பொட்டை அமுக்கி மூன்று கட்டையைப் பிடித்தார். அப்போதும் சத்தம் இல்லை.

மச்சான் கையை உதறினார். அவரோ இந்தத் தடவை தடுமாறவில்லை. கட்டையிலிருந்து விரலை எடுக்காமல், தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இல்ல சார். பட்டன் சரிதான். இது ரெடியாத்தான் இருக்கு. ஆனா யாருக்கோ காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி விளங்கியது. கடிகாரம்! கம்ப்யூட்டர் எண்ணிக்கை சொன்னால்தான் நடக்க வேண்டும் என்று நான்தானே உத்தரவு போட்டு, அதை நிரந்தரமாக்கியும் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரோ நெல்லிக்குப்பத்தில் என் வீட்டு மேஜையில் இருக்கிறது. எண்ணிக்கை வரும், வரும் என்று இந்தக் கீபோர்டு இங்கே வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. மெனுவுக்குள் புகுந்து பழையபடி அதன் சொந்தக் கடிகாரத்துக்கே மாற்றிச் சேமித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன்.

"இப்ப புடிங்க சார்."

பிடித்தார். ஜலஜலவென்று கொட்டியது.

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வர மணி ஆறே முக்கால் ஆயிற்று. ஆரம்ப இசை. கீபோர்டு தனியாக எட்டுச் சுற்று. அதில் உள்ள பதினாறு சுரமும் எனக்கு அத்துப்படி என்கிற திமிரில் ஓரமாக நின்று கேட்டேன். முதல் இரண்டு சுற்று என் பதிவில் இருந்த மாதிரியே போயிற்று. மூன்றாவது சுற்றில் அவர் ஒரே ஒரு விரலை மட்டும் பக்கத்துக் கட்டைக்கு நகர்த்தினார். மொத்த ஓட்டமும் நிறம் மாறியது. அடுத்த சுற்றில் இன்னொரு விரல். ஓட்டம் நிற்கவே இல்லை, ஆனால் அது எங்கே போக வேண்டும் என்பதை அந்த விரல்கள்தான் சொல்லிக்கொண்டே இருந்தன. ஏழாவது சுற்றில் எல்லா விரலையும் எடுத்து ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தார். ஹாலில் பேச்சு நின்றது. திரும்ப அழுத்தினார், டிரம்ஸ் இறங்கியது. கூட்டம் கைதட்டியது. மெஷின்தான் எல்லாவற்றையும் வாசிக்கிறது என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். என் சி.டி.யில் எட்டுச் சுற்றும் ஒரே மாதிரி இருக்கும், ஏனென்றால் என் விரல் பயத்தில் ஒரே இடத்தில் இருந்தது.

இடைவேளையில் பந்திக்குப் போனபோது அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல், கம்ப்யூட்டரில் நான் என்ன செய்தேன் என்று துருவித் துருவிக் கேட்டார். சுரமெல்லாம் திரையில் எப்படித் தெரியும், படுத்திருக்குமா நின்றிருக்குமா, இறங்கும்போது பஞ்சமம், அதாவது அந்த ‘ப’, இரண்டு தடவை வருவது அதில் தெரிகிறதா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒரு வாரம் பாடுபட்டுக் கண்டுபிடித்தது அவருக்கு முதல் நாளே காதில் விழுந்திருக்கிறது. ஆனாலும் அது எழுத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் என்னைப் போலவே ஆசை. இலை ஓரத்தில் இருந்த உப்பைத் தொட்டு, படிப்படியாகப் புள்ளி வைத்து, அவர் விரலைப் பிடித்து அதன் மேல் ஓட்டிக் காட்டினேன். "ஓகோ, மாடிப்படி!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, "என் மேல கோவமே இல்லையா சார்?" என்று கேட்டேன்.

தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "பொட்ட எடுத்ததுக்குக் கோவம் இல்ல சார், தெரியாம செஞ்சது. ஆனா அது நீங்கதான்னு எனக்கு வந்ததுமே தெரியும். ஒங்க மச்சான்தான் சொன்னாரே, மாமா தொடச்சு வச்சிருக்காருன்னு. நீங்க பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டு இருந்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்!"

"நான் சொன்னா அது சாக்கு சார். கண்ணு தெரியாதவன் வாசிக்கத் தெரியாம பழி போடறான்னுதான் அவரு நெனப்பாரு. நீங்க சொன்னாத்தான் அது உண்மை. அதான் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் லேட்டாத்தான் சொன்னீங்க."

பாயசத்தைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார்கள். நான் இலையைத் தொடவில்லை.

அந்த சீசன் முழுக்க அவர்தான் வாசித்தார். அந்த சீசன் என்ன, 2012-இல் மச்சான் குழுவையே நிறுத்திக் கடையை மட்டும் பார்த்துக்கொள்ள ஆரம்பிக்கிறவரை அவர்தான். நடுவில் மச்சான் புதுக் கீபோர்டு வாங்கினபோது பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே பெரியதும் சின்னதுமாக நாலு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்து வைத்திருந்தார். மாதம் ஒரு ஞாயிறு அவரும் அந்தம்மாவும் நெல்லிக்குப்பத்துக்கு வருவார்கள். அவர் வாசிப்பார், நான் சீக்வென்சரில் பதிவேன், பதிந்ததை ஒரு அட்டையில் பொட்டாக ஒட்டிக் கொடுப்பேன், அவர் தடவிப் பார்த்து, "இந்த எடத்துல நீங்க ஒண்ண விட்டுட்டீங்க சார்" என்பார். என் மனைவி பொட்டு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று கத்துவாள்.

பொட்டைப் பிய்த்தது தெரியாமல் செய்த தப்பு, அதை அவரும் மன்னித்துவிட்டார், நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஆறு மணியிலிருந்து ஆறு இருபது வரை எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கையில் கேபிளோடு நின்றேனே, அந்த இருபது நிமிடமும் ஒரு மனிதர் வேர்த்துக்கொட்டியபடி நான் வாயைத் திறப்பேன் என்று நம்பிக் காத்திருந்தார் என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.